ஊரை எண்ணாமல் இயந்திரம் வாங்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாகக் கிளிநொச்சி வரை ஒருமுறை போய்வருபவர், வீதியோரங்களில் ஒரே விதமான பலகைகள் பலவற்றைக் காண்பார். "இங்கு மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார் கழுவித் தரப்படும்" என்பதே அவற்றின் வாசகம். சில பலகைகளின் கீழே இயந்திரம் இரைகிறது, நுரை பறக்கிறது, வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. வேறு சிலவற்றின் கீழே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. வண்டி நிறுத்தவென இட்ட சீமெந்துத் தரையின் வெடிப்புக்களிற் புல் முளைத்திருக்கிறது. அந்தப் புல் முளைத்த தரையைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

அரசியல் பேசும் பத்திரிகைக்கு வண்டி கழுவும் தொழிலில் என்ன வேலை எனச் சிலர் கேட்கக்கூடும். உரிமைகளைப் பற்றி எழுதுகின்ற நாம் உழைப்பைப் பற்றியும் எழுதக் கடமைப்பட்டவர்கள். ஒரு சமூகத்தின் முதல் ஒரே நாளிற் கொள்ளை போனால் ஊரே கூக்குரலிடுகிறது. அதே முதல் இங்கொரு இலட்சமும் அங்கொரு இலட்சமுமாக, தாய்மாரின் காப்பாகவும் சங்கிலியாகவும், கடல் கடந்து உழைப்பவர்களின் வியர்வையாகவும், ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் கரைந்து போகும்போது எவரும் வாய் திறப்பதில்லை. "அவனுக்கு வியாபாரம் சரிவரவில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. அது அவனுடைய கதை மட்டுமன்று; நம் எல்லோருடைய கதையுமாகும்.

சில காலத்துக்கு முன் இளைஞர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். வலிகாமத்தைச் சேர்ந்த கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை, உழைக்க அஞ்சாதவர். பிறஷர் வோஷர் என மக்கள் வழங்கும் உயரமுக்க நீர்த்தாரை இயந்திரம் ஒன்றை வாங்கி, சந்தியில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, வண்டி கழுவும் நிலையம் அமைப்பது அவருடைய எண்ணம். வீடுகளுக்குச் சென்று மதிலும் முற்றமும் கழுவிக் கொடுக்கவும் நினைத்திருந்தார். தாயாரின் நகைகளை அடகு வைப்பதென்றும், மீதியை வெளிநாட்டிலுள்ள தமையனாரிடம் பெறுவதென்றும் முடிவாகியிருந்தது. இயந்திரத்தின் விலைச்சீட்டுக்கூடக் கையில் இருந்தது.

"இந்தத் தொழில் உமது ஊரில் ஓடும் என்பதற்கு என்ன ஆதாரம், தம்பி?" என்று கேட்டோம்.

"ஐயா, சந்தியிலை இருக்கிற கடையிலை எந்நேரமும் நாலைஞ்சு வண்டி நிக்குது. எனக்கு மட்டும் வராமலே போகப்போகுது?" என்றார்.

"நல்லது. உமது மோட்டார் சைக்கிளைக் கடைசியாகக் காசு கொடுத்துக் கழுவியது எப்போது?"

இளைஞர் சிரித்துவிட்டார். "நான் வீட்டிலை, கிணத்தடியிலை கழுவிறனான் ஐயா."

இந்தச் சிரிப்பிலேயே விடயத்தின் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்காத ஒன்றை ஊரார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் பேரில் தாயாரின் நகையை வங்கிக்குக் கொண்டு போகிறோம்.

தேவை என்பது வேறு, கேள்வி என்பது வேறு. அழுக்கேறிய வண்டி ஒவ்வொன்றுக்கும் கழுவுதல் தேவை. பாசி படர்ந்த மதில் ஒவ்வொன்றுக்கும் கழுவுதல் தேவை. அந்தத் தேவைக்காகப் பணம் கொடுக்கும் ஆற்றலும், கொடுக்கும் மனமும், மீண்டும் மீண்டும் கொடுக்கும் வழக்கமும் உள்ளவர்கள் எத்தனை பேர் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அழுக்கை எண்ணுபவன் கனவு காண்கிறான். பணம் கொடுக்கும் கைகளை எண்ணுபவனே வியாபாரம் செய்கிறான்.

நமது குடாநாட்டில் இத்தொழிலுக்குப் போட்டியாக நிற்பது பக்கத்துச் சந்தியிலுள்ள கடையன்று. வீட்டுக்கு வீடு ஒரு கிணறு, ஒரு நீரிறைக்கும் மோட்டார், ஒரு குழாய், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாயிருக்கும் ஒரு மகன். இந்த நான்குமே பெரும் போட்டியாளர். வன்னியில் அந்த இடத்தை வாய்க்காலும் குளமும் பெறுகின்றன. உழவு இயந்திரத்தை வாய்க்காலோரம் இறக்கி வாளியால் நீரூற்றிக் கழுவுகிற கமக்காரர், நீர்த்தாரை இயந்திரத்தைப் பார்த்து வியப்பார். விலையைக் கேட்டுவிட்டு வாய்க்காலுக்கே திரும்புவார். மாடி வீடுகளில் நெருங்கி வாழ்ந்து, கழுவ இடமுமின்றி நேரமுமின்றித் திண்டாடும் கொழும்பு வாசியின் வழக்கத்தை வைத்துக்கொண்டு சுன்னாகத்துக்கோ பரந்தனுக்கோ கணக்குப் போடலாகாது.

பார்த்துச் செய்தல் என்னும் நோய் நமக்குப் புதிதன்று. ஒரு போகத்தில் வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்தால் அடுத்த போகத்தில் ஊர் முழுவதும் வெங்காயம் நடுகிறது. பிடுங்குங் காலத்தில் விலை மண்ணோடு மண்ணாகிறது. இதை நம் கமக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் இந்த உண்மையை அறிந்த அதே தகப்பனார், மகன் வியாபாரம் தொடங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுவது ஏன்? சந்தியிலே முதலாவது கடை ஓடியது என்பது இரண்டாவது கடை ஓடும் என்பதற்குச் சான்றாகாது. இருந்த கேள்வியை முதலாவது கடையே உண்டு தீர்த்துவிட்டது என்பதற்குச் சான்றாகவும் அது இருக்கலாம்.

தொலைத்தொடர்பு நிலையங்களை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காக மக்கள் காத்திருந்த அந்தக் காலத்தில் சந்திக்குச் சந்தி அவை எழுந்தன. கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் வந்ததும் அவை வந்த வேகத்திலேயே மறைந்தன. முதலில் தொடங்கியவர்கள் உழைத்துக்கொண்டார்கள். கடைசியில் தொடங்கியவர்களுக்குக் கண்ணாடி அடைத்த சிற்றறைகளே மிஞ்சின.

இதனினும் பெரிய பாடம் ஒன்று நம் வரலாற்றில் உண்டு. 1970 ஆம் ஆண்டில் பதவிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் பொன் விளைந்தன. 1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்ததும் அந்தப் பொற்காலம் முடிவுற்றது. மண் மாறவில்லை, உழைப்புக் குறையவில்லை, கொழும்பில் ஒரு கட்டளை மாறியது. ஆதலின், ஒரு கேள்வி எதைப் பற்றி நிற்கிறது என்று கேட்காதவன், அது விழும்போது தானும் அதனோடு விழுவான்.

வண்டி கழுவும் தொழிலும் இவ்விதியிலிருந்து தப்பவில்லை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு திறக்கவில்லை. புதிய வண்டி கிடையாதபடியால் பழைய வண்டியின் மதிப்பு உயர்ந்தது. இருப்பதைப் பேணிக் காக்கும் எண்ணமும் பலருக்கு எழுந்தது. இடையில் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டன. ஓடாத வண்டியை எவர் கழுவுவார்? 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்துப் பெருமளவில் உயர்த்தப்பட்டபோது, மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தை வைத்திருந்தவர்களின் கணக்குப் புத்தகம் என்ன சொல்லியிருக்கும்? நல்ல காலத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுபவன் பாதிக் கணக்கையே போடுகிறான்.

இடுக்கண் காலத்துக் கேள்வியும் நிலையானதன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. சேறு படிந்த வீட்டைக் கழுவ ஓர் இயந்திரம் கிடைக்காதா என்று பல குடும்பங்கள் ஏங்கின. அந்த வாரங்களில் இயந்திரம் வைத்திருந்தவன் அயலாருக்கு உதவியிருந்தால் அவன் பெருமைக்குரியவன். அந்த வாரங்களின் கூட்டத்தை வருடம் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்து இயந்திரம் வாங்கியவனோ ஏமாந்தவன்.

நிற்க. தொழில் தொடங்கவேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அரசாங்க உத்தியோகத்தையே நம்பி வாசற்படியிற் காத்திருக்கும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவேண்டும் என்பதே நமது விருப்பம். தன் கையால் உழைத்துத் தன் காலில் நிற்க விரும்பும் இளைஞன் ஒவ்வொருவனையும் நாம் வாழ்த்துகிறோம். அவன் நிற்கப் போகும் நிலம் உறுதியானதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளட்டும் என்பதே நமது வேண்டுகோள். அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனா, நான்கு வாரப் பொறுமை, இவை போதும்.

முதலாவதாக, எல்லையை வகுக்கவேண்டும். வண்டி கழுவுவதற்காக மக்கள் எத்தனை கிலோமீற்றர் வருவார்கள்? பெரும்பாலோர் தம் வழியில் இருக்கும் கடைக்கே போவார்கள். அதற்கென்று வழி மாறிப் போவோர் சிலரே. ஆகவே நமது ஊரும் அயலிலுள்ள இரண்டு மூன்று கிராம அலுவலர் பிரிவுகளுமே நமது சந்தை. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. மாவட்டம் முழுவதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று பிரிவுகளில் கடை போடலாகாது. ஒரு பிரிவில் எத்தனை குடும்பங்கள் என்பதைக் கிராம அலுவலர் அறிவார். மாவட்டச் செயலகம் வெளியிடும் புள்ளிவிபரக் கையேடும் உண்டு. எத்தனை வீடுகளில் மோட்டார் சைக்கிள், எத்தனை வீடுகளுக்குச் சீமெந்து மதில், எத்தனை வீடுகள் உரியவர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கின்றன என்பவற்றை ஒரு சைக்கிளில் ஏறி ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று தாமே எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, இருக்கும் கடைகளின் எதிரே நின்று எண்ணவேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டு "எந்நேரமும் நாலைந்து வண்டி" என்று சொல்வது கணக்காகாது. வேலைநாள் ஒன்று, சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, மழை நாள் ஒன்று. காலை முதல் மாலை வரை வந்த வண்டிகளை வகை பிரித்துக் குறித்துக்கொள்க. நிற்கும் வண்டிகளில் எத்தனை கடைக்காரருடைய உறவினரின் வண்டிகள், எத்தனை பழுது பார்க்க வந்தவை என்பதையும் கவனிக்கவேண்டும். மூடிய கடைகளையும் மறந்துவிடலாகாது. ஓடும் கடைக்காரர் உண்மை சொல்லத் தயங்கலாம். மூடியவர் மனம் திறந்து பேசுவார். புல் முளைத்த தரையின் சொந்தக்காரரிடம் ஒரு மணி நேரம் இருந்து கேட்பது, இயந்திரம் விற்பவரிடம் ஒரு நாள் முழுவதும் இருந்து கேட்பதிலும் பயன் தரும்.

மூன்றாவதாக, கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும். "நான் கடை போட்டால் வருவீர்களா?" என்று கேட்டால் நம் ஊரில் எவர்தான் "வரமாட்டேன்" என்பார்? முகம் முறியாமை நமது பண்பு. "ஓம் தம்பி, கட்டாயம் வருவோம்" என்று சொல்லித் தேநீரும் தந்து அனுப்புவார்கள். அந்த வாக்கை நம்பி நகையை அடகு வைக்கலாகாது. "சென்ற மூன்று மாதத்தில் வண்டியை எத்தனை முறை வெளியே கொடுத்துக் கழுவினீர்கள்? எங்கே? எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்கவேண்டும். நடக்கப் போவதைப் பற்றி மனிதர் நல்லெண்ணத்தோடு பேசுவார்கள். நடந்ததைப் பற்றியே கணக்கோடு பேசுவார்கள்.

நான்காவதாக, வாங்குமுன் செய்து பார்க்கவேண்டும். ஓர் இயந்திரத்தைச் சில நாட்களுக்கு வாடகைக்கோ இரவலாகவோ பெற்று, முழு விலைக்குப் பத்து வேலைகள் செய்து பார்க்கட்டும். மாமனாரின் மதிலும் சித்தப்பாவின் காரும் இந்தப் பத்தில் சேரா. முகம் அறியாதவர் பத்துப் பேர் முழு விலை கொடுத்தார்களா, அவர்களில் எத்தனை பேர் மறுபடியும் அழைத்தார்கள் என்பதே பரீட்சை. இலவசமாகச் செய்தபோது கிடைத்த புகழ், விலை சொன்னபோது எங்கே போனது என்பதையும் அப்போது அறிந்துகொள்ளலாம்.

ஐந்தாவதாக, பன்னிரண்டு மாதங்களையும் எண்ணவேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. சேறு மிகுந்த காலம் அதுவே; "நாளைக்கும் மழைதானே" என்று வண்டியைக் கழுவாது விடும் காலமும் அதுவே. மழை ஓய்ந்ததும் மதில்களிற் பாசி கறுத்துக் கிடக்கும். தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க விரும்புவோர் அழைப்பார்கள். ஆனால் ஒருமுறை கழுவி வர்ணம் பூசிய மதில் அடுத்த ஆண்டும் அழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் உழவு இயந்திரங்களையும் அறுவடை இயந்திரங்களையும் துப்புரவு செய்யும் வேலை கிளிநொச்சிப் பக்கத்தில் இருக்கும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டு உறவினர் வந்திறங்கும்போது பூட்டிய வீடுகள் திறக்கும்; வாடகைக்கு ஓடும் வான்களுக்கும் வேலை மிகும். இவை தவிர்ந்த மாதங்களில் என்ன செய்வது? வாடகையும் கடன் தவணையும் பன்னிரண்டு மாதமும் வரும். அவைக்குப் பருவம் கிடையாது.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே வருவன எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்ட எண்களே. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளவேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளைக் கழுவக் கூலி 500 ரூபா என்று கொள்வோம். சவர்க்காரம், மின்சாரம், நீர், துடைக்கும் துணி, உதவியாளுக்குரிய பங்கு ஆகியவற்றுக்கு 150 ரூபா போனால் மிஞ்சுவது 350 ரூபா. நிலத்துக்கு மாத வாடகை 15,000. கடன் தவணை 20,000. இயந்திரம் பழுதானாற் செலவிட ஒதுக்குவது 5,000. வீட்டுச் செலவுக்கு 50,000. மொத்தம் 90,000 ரூபா. இதனை 350 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 258 வண்டிகள் வேண்டும். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் நாளொன்றுக்குப் பத்துக்கு மேல்.

இப்போது கொப்பியைத் திறப்போம். நமது எல்லைக்குள் 800 மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன என்றும், பத்தில் ஒருவர் மாதம் ஒருமுறை காசு கொடுத்துக் கழுவுகிறார் என்றும் எண்ணிக் கண்டோமாயின், அந்த ஊரின் மாதக் கேள்வி 80 வண்டிகள். ஏற்கனவே இரண்டு கடைகள் இருந்தால் நாம் மூன்றாவது. சமமாகப் பங்கிட்டாலும் நமக்கு 27 வண்டிகளே வந்து சேரும். 27 வண்டிகளில் மிஞ்சுவது 9,450 ரூபா. வேண்டியது 90,000, நில வாடகைக்கே இது போதாது. கடுமையாக உழைத்தால் இந்த இடைவெளி நிரம்பிவிடுமா? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கடையைத் திறந்தாலும் இல்லாத வண்டி வந்து நிற்காது. இந்தப் பத்து வரிக் கணக்கை முன்கூட்டியே போட்டிருந்தால் எத்தனை தாய்மாரின் கழுத்து வெறுமையாகாது இருந்திருக்கும்!

இதே கொப்பி வேறொரு வழியையும் காட்டக்கூடும். மோட்டார் சைக்கிளில் இல்லாத கேள்வி வேறிடத்தில் இருக்கலாம். அரிசி ஆலைகள், கோழிப்பண்ணைகள், திருமண மண்டபங்கள், மீன் சந்தைகள், பாடசாலை வான்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சென்று பார்க்கவேண்டும். இப்போது எவர் கழுவுகிறார், மாதம் என்ன செலவாகிறது, பணம் உடனே கிடைக்குமா அல்லது மூன்று மாதம் அலையவேண்டுமா என்று கேட்கவேண்டும். நிரந்தரமாக அழைக்கும் ஐந்து நிறுவனங்கள், எப்போதோ ஒருமுறை வரும் ஐம்பது வண்டிகளிலும் மேலானவை.

கேட்கும் வேலை எல்லாவற்றையும் ஏற்கவும் கூடாது. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் வர்ணம் தீட்டிய கோபுரச் சுதையும் இந்த நீர்த்தாரையின் வேகத்தைத் தாங்கமாட்டா. கூரையில் உள்ள சூரிய மின்தகடுகளை இதனால் அடித்துக் கழுவினால் அவை பழுதடையக்கூடும். அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடுகளை அடித்துக் கழுவுவதோ உயிரோடு விளையாடுவது. அதிலிருந்து பிரியும் நுண்ணிய நார்கள் சுவாசப்பையைக் கெடுப்பவை. செய்யத்தகாத வேலைகளைக் கழித்த பின்னர் எஞ்சுவதே உண்மையான கேள்வி.

கமக்காரருக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. அது நீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு நம்முடையது. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் ஊடே இறங்கித் தேங்குவதை இறைத்தே தோட்டமும் வீடும் வாழ்கின்றன. சிறு இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 லீற்றர் நீர் எடுக்கிறது என்று கொண்டால் அரைமணி நேரத்தில் 240 லீற்றர். திறந்துவிட்ட சாதாரணக் குழாய் இதனிலும் கூடுதலாக எடுக்கும். ஆகவே எடுக்கும் நீரைக் காட்டிலும் விடும் நீரே அச்சத்துக்குரியது. எண்ணெயும் கிரீசும் சவர்க்காரமும் கலந்த அந்த நீர், வெடிப்பும் துவாரமும் நிறைந்த நமது பாறையில் இறங்கினால் அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போக நெடுங்காலம் எடுக்காது. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்து எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில், 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்ததை நாம் மறந்துவிடலாகாது. வாகனச் சேர்விஸ் நிலையங்களுக்கு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதியும் வேண்டும். கழிவு நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியின் செலவை முதலிலேயே கணக்கிற் சேர்க்கவேண்டும். அத்தொட்டியைக் கட்டினால் இலாபம் வராது என்று காணும் இடத்தில், அத்தொழிலுக்கு இடமில்லை என்பதே பொருள். அயலவன் கிணற்றில் ஏற்றிவிடும் செலவு இலாபமாகாது.

இவ்வளவும் இளைஞனுக்குரிய கடமை. அவனைச் சுற்றியுள்ளவர்களுக்குக் கடமை இல்லையா?

பிரதேச சபைகளை நாம் கேட்கிறோம்: உங்கள் எல்லைக்குள் இத்தொழிலுக்கு எத்தனை அனுமதிகள் வழங்கப்பட்டன, எத்தனை புதுப்பிக்கப்படாமல் நின்றன என்ற பட்டியலை ஆண்டுக்கொருமுறை சபை வாசலில் ஒட்டிவைப்பதில் என்ன சிரமம்? கட்டணம் அறவிடுவதோடு சபையின் கடமை முடிந்துவிடுகிறதா? அந்த ஒரு தாள், ஊருக்கு மூன்றாவது கடையும் நான்காவது கடையும் தேவையா என்பதை ஓர் இளைஞனுக்கு ஒரு நிமிடத்தில் உணர்த்திவிடும்.

வங்கிகளையும் கேட்கிறோம்: நீங்கள் கேட்பது பிணை; சந்தையை அன்று. நகை பெட்டகத்தில் இருக்கும்வரை கடை ஓடினால் என்ன, மூடினால் என்ன என்ற போக்கு உழைப்பவனை வாழ்விக்காது. வருமானத்தைப் பாராது கொடுக்கும் கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நுண்கடனிற் சிக்கிய வடபுலத்துப் பெண்களின் கண்ணீர் காட்டியது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர நேர்ந்தது.

கற்றவர்களுக்கும் ஒரு சொல். பொறியியலாளரே, கணக்காளரே, ஆசிரியரே, உமது ஊரில் ஒரு பிள்ளை தொழில் தொடங்குகிறான் என்றால் திறப்பு விழாவுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு ஆறு மாதம் முன்னர் அவனுடைய கொப்பியை ஒரு மாலைப்பொழுது இருந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அண்ணன்மாரும் அக்காமாரும் "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்குமுன் "எத்தனை பேரை எண்ணினாய்?" என்று கேட்கட்டும். தம்பியின் மனம் நோகுமே என்று கேளாது விட்டால், பின்னர் அவன் வாழ்வே நோகும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஓர் இயந்திரத்தை வாங்கி நாள் வாடகைக்கு விடுமாயின், கமக்காரருக்கும் பயன். தொழிலைப் பரீட்சிக்க விரும்பும் இளைஞருக்கும் பயன். ஊரில் உண்மையான கேள்வி எவ்வளவு என்பதும் அச்சங்கத்தின் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.

நம்மிடம் வந்த இளைஞர் சில வாரங்களின் பின் மறுபடியும் வந்தார். கையில் ஒரு கொப்பி. சந்தியிலே நாலைந்து வண்டி நிற்பது மாலை ஒரு மணி நேரம் மட்டுமே என்று எண்ணிக் கண்டிருந்தார். நாற்பது வீடுகளில் கேட்டதில் காசு கொடுத்துக் கழுவுவோர் மூன்று வீட்டாரே. வெளிநாட்டில் இருப்போருடைய பூட்டிய வீடுகள் பதினொன்றைப் பராமரிப்பவர்கள், மாதம் ஒருமுறை முற்றமும் மதிலும் துப்புரவு செய்து படம் எடுத்து அனுப்பினால் பணம் தருவதாகச் சொன்னார்களாம். நான்கு பேர் முற்பணமும் கொடுத்துவிட்டார்களாம். சந்தியில் நிலம் எடுக்கும் யோசனையை அவர் கைவிட்டார். வாடகை இயந்திரத்தோடு அந்த நான்கு வீடுகளில் தொடங்கப் போவதாகவும், தோட்ட வேலையை விடப்போவதில்லை என்றும் சொன்னார்.

"அம்மாவின்ரை நகை?" என்று கேட்டோம்.

"வீட்டிலைதான் இருக்குது ஐயா."

அவர் பெருஞ் செல்வராவார் என்று நாம் ஆரூடம் சொல்லவில்லை. அந்த நான்கு வீடுகள் எட்டாகலாம். இரண்டாகக் குறையவும் கூடும். குறைந்தாலும் அவர் இழப்பது சில வார உழைப்பே. எண்ணிப் பார்த்தபின் பின்வாங்குபவன் தோற்றவனல்லன். தன் குடும்பத்தின் முதலைக் காத்தவன். வழி தெரிந்து சிறிதாகத் தொடங்குபவனும் அவ்வாறே. ஆழம் பாராமற் காலை விடாதே என்று பேரனைக் கிணற்றடியில் எச்சரிக்கும் நமது பாட்டிமாரின் அறிவை, தொழில் தொடங்கும் நாளிலும் நாம் மறவாதிருப்போமாக.